பிரிண்டர் பரீட்சை

"பஜ்ஜி எங்கயும் ஓடிடாது தம்பி. முதல்ல இதை அச்சடிச்சுக் காட்டுங்க" என்று கணேசமூர்த்தி கம்ப்யூட்டர் மேஜையைக் காட்டினார். பெண் பார்க்க வந்த கவின், வாய்வரை கொண்டுபோன பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்துவிட்டு எழுந்தான்.

ஊரில் பெண்ணைப் பாடச் சொல்வார்கள். பெங்களூர் அல்சூரில் கணேசமூர்த்தி வீட்டில் மாப்பிள்ளையைப் பிரிண்ட் எடுக்கச் சொல்வார்கள். போன வருஷம் சாஃப்ட்வேர் என்று சொல்லிக்கொண்டு வந்த ஒருவன், விசாரித்ததில் ஃப்ளாப்பி விற்கிறவனாக இருந்தான். அன்றிலிருந்து மனுஷருக்கு யார்மேலும் நம்பிக்கை கிடையாது.

இதுவரை இரண்டு பேர் இந்தப் பரீட்சையில் தோற்று ஓடிவிட்டார்கள். சிந்துவுக்கு வயசு ஏறிக்கொண்டே போனது. "இதுவாவது நல்லபடியா முடியணும் முருகா" என்று அவள் அம்மா வேதநாயகி சுவர்க் காலண்டரைப் பார்த்துக் கும்பிட்டாள். சிந்து கதவோரம் நின்று புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணும் பெரிசா இல்ல. இந்த நிச்சயதார்த்தப் பத்திரிகை, கெட்டி அட்டையில, ரெண்டே ரெண்டு. உங்களுக்கு இதெல்லாம் ஜுஜுபி" என்றார் கணேசமூர்த்தி.

கவின் அமுக்கினான். பிரிண்டர் ஒரு அட்டையைத் துப்பியது. இன்னொன்று. இன்னும் இன்னும் துப்பிக்கொண்டே இருந்தது. அவன் பதறிப்போய் ஒயரைப் பிடுங்கினான்.

"உங்க கம்பெனியில ரெண்டுன்னா இருபதா?" என்றார் கணேசமூர்த்தி.

அடுத்த தடவை பாதிப் பத்திரிகைதான் வந்தது. மெமரி போதவில்லை என்று திரையில் ஒரு பெட்டி முளைத்தது. அதற்கடுத்த தடவை ஒன்றுமே வரவில்லை. அந்த வீட்டிலேயே இல்லாத ஏதோ ஒரு வகைப் பேப்பரைக் கேட்டு ஆரஞ்சு விளக்கு மினுக்கியது.

கவினுக்கு வேர்த்துவிட்டது. "டிரைவர் செட்டிங்ஸ்ல ஏதோ பிராப்ளம் அங்கிள். எங்க ஆபீஸ்ல அமுக்கினா வந்துரும். இதையெல்லாம் வேற டிபார்ட்மெண்ட் பாத்துக்கும்."

"ஓஹோ! சோறு ஊட்டி விடறதுக்கும் டிபார்ட்மெண்ட் உண்டா?"

கவினின் அப்பா சுந்தரம் நெளிந்தார். பொம்மசந்திராவில் லேத் பட்டறை வைத்திருப்பவர். "ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க சார். ரெண்டாயிரம் பொறந்தா கம்ப்யூட்டர் குழம்புமாமே, அந்த ஒய்-டூ-கேயை அமெரிக்கா பேங்குக்கே சரி பண்றவன் என் பையன்."

"அந்த பேங்குல யாரும் பணம் போட்டுடாதீங்க."

சுந்தரத்துக்குச் சுருக்கென்றது. "பையன்கிட்ட கோளாறு இல்லைங்க. உங்க மெஷின்தான் ஓட்டை. செகண்ட் ஹேண்டுதானே?"

மகளைச் சொன்னால்கூடக் கணேசமூர்த்தி பொறுத்துக்கொள்வார். மெஷினைச் சொன்னால் ஆகாது. "என்னய்யா ஓட்டை? காலைலகூட சிந்து அச்சடிச்சா, மல்லிப்பூ மாதிரி வந்துச்சு. ஏம்மா?"

"ஆமாப்பா" என்றாள் சிந்து, நிமிராமலே.

"இருங்க. என் மெஷின் ஓட்டையா, உங்க பையன் டுபாக்கூரான்னு இப்பவே காட்டறேன்." பால்கனிக்குப் போய்க் கீழே பார்த்துக் கத்தினார். "டேய் சீனு! மேல வாடா!"

சீனு கீழ்ப் போர்ஷனில் குடியிருப்பவன். வீட்டில் எது மக்கர் பண்ணினாலும் அவனைத்தான் கூப்பிடுவார். வேதநாயகிக்குத் தூரத்துச் சொந்தம், மருமகன் முறை. அதனாலேயே கணேசமூர்த்திக்கு அவன்மேல் கூடுதல் இளக்காரம். ஸ்கூட்டர் துடைத்த துணியோடு வந்து நின்றான்.

"இவன் கூரியர் ஆபீஸ்ல கவர் ஒட்டற பய. இவன் வாங்கற சம்பளம் உங்க பையன் பைக் பெட்ரோலுக்குக் காணாது. இவன் அடிக்கறான் பாருங்க. உக்காருடா தண்டம்!"

"எனக்கு இதெல்லாம் அவ்வளவா வராது மாமா..." என்று இழுத்துக்கொண்டே சீனு உட்கார்ந்தான். எதையோ திறந்தான், மூடினான், தலையைச் சொறிந்தான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டான். சுந்தரம் மகனைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தபோது பிரிண்டர் உறுமியது. இரண்டே இரண்டு அட்டை. பிசிறில்லாமல், எழுத்து எழுத்தாக.

கணேசமூர்த்தி அவற்றைச் சுந்தரத்தின் மூக்குக்கு நேராக ஆட்டினார். "பாத்துக்கோங்க! கவர் ஒட்டற பய பண்ணிட்டான். ஒய்-டூ-கே பண்ணலை."

"அவ்வளவு பெரிய கெட்டிக்காரன்னா, அவனுக்கே பொண்ணைக் குடுக்க வேண்டியதுதானே?"

"குடுத்தா என்னய்யா?"

"வாய்ப்பேச்சுதான். எங்க, குடுங்க பாப்போம்."

வேதநாயகி "என்னங்க..." என்று ஓடிவருவதற்குள் கணேசமூர்த்தி, தேங்காய் பழம் வெற்றிலையோடு தயாராக இருந்த தாம்பூலத் தட்டைத் தூக்கிச் சீனுவின் கையில் திணித்துவிட்டார். "குடுத்தாச்சு! நாலு பேர் முன்னால வாக்குக் குடுத்தாச்சு! இனி அந்தக் கடவுளே வந்தாலும் மாத்த மாட்டேன். நீங்க கிளம்புங்க!"

வந்தவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு தடதடவென்று இறங்கினார்கள். இன்னும் திட்டித் தீரவில்லை என்பதால் கணேசமூர்த்தி கேட்வரை பின்னாலேயே போனார். அவரை இழுத்துவர வேதநாயகியும் ஓடினாள்.

தட்டை ஏந்தியபடி மலங்க மலங்க நின்ற சீனுவின் பக்கத்தில் சிந்து வந்து கிசுகிசுத்தாள்.

"நான் மாத்தி வச்சது மூணே மூணு செட்டிங்தான்னு காலைலயே சொன்னேன்ல, எதுக்கு இவ்ளோ நேரம் இழுத்தே?"