அனுப்பாத செய்தி

நிறஞ்சலா அந்தச் செய்தியை யாருக்கும் அனுப்பவில்லை. ஆனாலும் படகுச் சொந்தக்காரர் றொட்னி சம்மாட்டியின் மோட்டார் சைக்கிள் தலைமன்னார்ப் பழைய இறங்குதுறைக்கு வந்து நின்றது.

பின்னால் இன்னொரு மோட்டார் சைக்கிள். அதில் இருந்த இருவரும் இறங்கவில்லை. எஞ்சினையும் நிறுத்தவில்லை.

அன்று மத்தியானம்தான், பேசாலையில் தன் வீட்டில் இருந்து, 'அண்ணா நாலு மணிக்குப் பழைய இறங்குதுறைக்கு வருவார்' என்று போனில் எழுதினாள். அனுப்பும் பொத்தானைத் தொடாமலே மூடினாள். போனை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டு பஸ் ஏறினாள்.

போன் அவள் நிற்கும் இடத்தைக் காட்டிக் கொடுத்திருக்க முடியாது. அது இங்கே இல்லை.

அண்ணாவும் இங்கே வரப் போவதில்லை.

றொட்னியின் படகில் தொழிலுக்குப் போன கொலின்ஸ் கடலில் தவறி விழுந்து இறந்தான் என்று ஊர் நம்பியது. அவன் விழவில்லை, தள்ளப்பட்டான். அதைக் கண்டவர் அதே படகில் இருந்த அவள் அண்ணன் கொன்ஸ்ரன்ரைன். நாளைக் காலை மன்னார் நீதிமன்றத்தில் அவர் சாட்சி சொல்ல வேண்டும்.

அதுவரை உயிரோடு இருக்க வேண்டும்.

வீட்டார் அவரை முருங்கனில் ஒளித்தார்கள். மறுநாளே றொட்னியின் ஆட்கள் அங்கே வந்தார்கள். வங்காலைக்கு மாற்றினார்கள். அங்கேயும் வந்தார்கள். பின் கதவால் ஓடித் தப்பினார்.

இடம் மாறுவதைப் பற்றி எழுதிய செய்திகளைத்தான் யாரோ படிக்கிறார்கள் என்று நிறஞ்சலா நினைத்தாள். அதனால் முருங்கனுக்குப் பிறகே செயலியை மாற்றினாள். எப்படி வேலை செய்கிறது என்று பார்க்காமல் அவள் எதையும் நம்புவதில்லை. விளம்பரம் காட்டாத, தொடர்பு எண்களைச் சேர்த்து வைக்காத ஒன்றாகத் தேடினாள். செயலியின் நிரல் எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதை யாரும் திறந்து பார்க்கக்கூடிய ஒன்றாகத் தேடினாள். அதில் செய்தி அனுப்பும் போனிலேயே பூட்டப்பட்டு, பெறும் போனில்தான் திறக்கும். நடுவில் இருக்கும் நிறுவனத்திடமும் சாவி கிடையாது.

அப்படியிருந்தும் வங்காலைக்கு வந்தார்கள்.

றொட்னி மெல்ல நடந்து அவள் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ன பிள்ளை, தனியக் காத்து வாங்குறியோ? கொண்ணன் இன்னும் வரேல்லையே?"

"பயந்திட்டார் போல."

"என்னத்துக்குப் பயம்? நானென்ன திருக்கையே, முள்ளால குத்த?" அவர் சிரித்தார். "நாலு மணிக்கு வாறதெண்டா வரத்தானே வேணும்."

நாலு மணி என்று அவள் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை.

அவர் திரும்பிப் போகும்வரை அவள் கடலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

செயலியில் பிழை இல்லை. செய்தி அவள் போனை விட்டுப் போகவே இல்லையே. போகாததை வழியில் யார் பிடிக்க முடியும்? அப்படியானால் பூட்டு விழும் முன்பே, எழுத்து எழுத்தாக, போனுக்குள்ளேயே ஏதோ ஒன்று பார்த்துக்கொண்டு இருக்கிறது.

கொண்டச்சி மட்டும் ஏன் தப்பியது?

அண்ணா இப்போது இருப்பது அங்கேதான். கருவாடு வாங்கி விற்கும் ஆசியா உம்மாவின் வீட்டில். அந்த இடத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. ஆசியா உம்மா எழுதுவதே இல்லை. "என்ட கண்ணுக்கு இந்த எழுத்துக் கொத்திற வேல சரிவராது புள்ள" என்று எல்லாவற்றையும் குரலில் பதிந்துதான் அனுப்புவார். நிறஞ்சலாவும் குரலில்தான் பதில் சொல்லியிருந்தாள்.

குரல் தப்புகிறது. எழுத்து பிடிபடுகிறது.

விரல் முதலில் தொடுவது செயலியை அல்ல.

கீபோர்ட்டை.

மடுத் திருவிழாவுக்கு முன்பு, தன் படகில் தொழில் செய்யும் குடும்பங்களுக்கெல்லாம் றொட்னி ஒரு தமிழ்க் கீபோர்ட் அனுப்பியிருந்தார். எழுத்துகளுக்குப் பின்னால் மாதாவின் படம். நிறஞ்சலாவின் போன் அப்போதே எச்சரித்தது. நீங்கள் தட்டும் எல்லாவற்றையும் இது சேகரிக்கக்கூடும் என்றது.

மாதாவுக்கு முன்னால் வேண்டாம் என்று அழுத்த அவளுக்கு மனம் வரவில்லை.

ஆசியா உம்மாவின் போனில் அது இல்லை. அவருக்கு யார் மாதா படம் அனுப்பப் போகிறார்கள்?

வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்தாள். கீபோர்ட்டை அழிக்க எடுத்த விரல் பாதியில் நின்றது.

கீபோர்ட்டுக்கு எழுத்து மட்டும்தான் தெரியும். அதை அனுப்பினாளா, விட்டாளா என்பது தெரியாது. எழுதியது உண்மையா என்பதும் தெரியாது.

மாதாவின் முகத்துக்கு மேலே ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள்.

'அண்ணா, விடிய மடுக் கோவிலடியில நில்லுங்கோ. அங்கேயிருந்து மன்னார்க் கோட்டுக்குப் போவம்.'

அனுப்பவில்லை. மூடினாள்.

பிறகு அதே செயலியில் ஒலிப்பதிவை அழுத்தி ஆசியா உம்மாவுக்குச் சொன்னாள்.

"உம்மா, விடிய சிலாவத்துறை றோட்டால அண்ணாவைக் கோட்டுக்குக் கூட்டிக்கொண்டு வாங்கோ. எனக்கு ஒண்டும் எழுதிப்போடாதேங்கோ."

விடியும் முன் மோட்டார் சைக்கிள்கள் இரண்டும் அவள் வீட்டைத் தாண்டி மடுப் பக்கம் போயின. முதல் வண்டியில் இருந்த றொட்னி அவள் வாசல் படலையடியில் ஒருமுறை ஹோர்ன் அடித்துவிட்டுப் போனார்.

சாட்சியம் முடியும்வரை அந்தக் கீபோர்ட் போனில் இருக்க வேண்டும். பொய்யை மட்டும் அதில் தட்ட வேண்டும். உண்மையை வாயால் சொல்ல வேண்டும்.