தக்ஷாயினிக்குக் கிடைத்த வேலை

ஒஸ்லோவில் வருடத்தில் ஒரு நாள் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் பதிலாக வேலைக்குப் போவார்கள். அந்தச் சம்பளம் ஆப்பிரிக்க விவசாயக் கிராமத்துப் பிள்ளைகளின் படிப்புக்குப் போகும்.

"ஒருநாள் பாடம் வீணாப் போகுமே," என்று முகத்தைச் சுளித்தார் அப்பா இரவீந்திரன்.

"படிக்க வழியில்லாமல் தோட்டத்திலை நிக்கிற பிள்ளையளை நினைச்சுப் பாருங்கோ அப்பா. படிப்பில்லாட்டி என்ன வாழ்க்கை?" என்று உருகினாள் தக்ஷாயினி. கணக்குப் பாடத்திலிருந்து ஒருநாள் தப்பினால் போதும் அவளுக்கு.

அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "வெளியிலை தேடாதை. வேலை நானே தாறன்."

கார் கழுவத்தான் என்று நினைத்து, அந்த வேலைநாள் காலை பழைய உடுப்போடு வந்து நின்றாள்.

அப்பா கதிரையை இழுத்துப் போட்டு, மேசையில் அவளுடைய கணக்குப் பாடப் புத்தகத்தை விரித்து வைத்தார்.

"பின்னேரம் வரைக்கும் இதுதான் வேலை. படிப்பின்ரை அருமை தெரிஞ்ச பிள்ளை நீ, சம்பளம் கூட்டியே தாறன்."