டாக்டர் கோர்லியின் சனிக்கிழமை

நாட்டின் அணு ஆயுதக் கொள்கைக்கு முப்பதாண்டு ஆலோசனை சொன்ன மாமேதை டாக்டர் வெண்டல் கோர்லி, வாஷிங்டனை அடுத்த ஒரு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சனிக்கிழமை காலை மாபெரும் உரை நிகழ்த்தினார். ஓய்வு பெற்றபின் அவரிடம் ஒருவரும் ஆலோசனை கேட்டதில்லை. மனைவி போனபின் வீட்டில் பேச்சே இல்லை. இங்கேயோ, குடித்துவிட்டு வண்டியோட்டிப் பிடிபட்டவர்கள், கோர்ட் தண்டனையாக அனுப்பிய வகுப்பு என்பதால் எழுந்து போக முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

“பயம்தான் பாதுகாப்பு! நாம திருப்பி அடிப்போம்கிற பயத்துலதான் ரஷ்யா சும்மா இருக்கு.”

“சரி டாக்டர்,” என்றான் பிளம்பர் ராமோன். “நான் மோதினது தபால் பெட்டி மேல. அது எப்படித் திருப்பி அடிக்கும்?”

கூடமே சிரித்தது. டாக்டரும் ஆசையாகச் சிரித்தார்.

ஆசிரியை டார்லா மேசையைத் தட்டினாள். “போதும், உட்காருங்க டாக்டர். பாடம் நடத்தறது நான். நீங்களும் இவங்களை மாதிரி குடிச்சிட்டு ஓட்டி மாட்டினவர்தான்.”

டாக்டர் உட்கார்ந்தார்.

“நல்ல சேதி டாக்டர்,” என்றாள் டார்லா. “ இன்னியோட உங்க வகுப்பு முடியுது. பிடுங்கின லைசென்ஸ் திரும்ப வந்துடும். இனிமே நீங்க வர வேண்டாம்.”

“அடுத்த வாரம் சீனாவைப் பத்திப் பேசலாம்னு இருந்தேன். சும்மா ஓரமா வந்து உட்காரட்டுமா?”

“முடியாது. கோர்ட் அனுப்பினாத்தான் சேர்ப்போம்.”

“அதுக்கென்ன டாக்டர், மறுபடி குடிச்சிட்டு ஓட்டுங்க, அனுப்பிடுவாங்க!” என்றான் ராமோன்.

எல்லாரும் சிரித்தார்கள்.

டாக்டர் சிரிக்கவில்லை. எத்தனை கிளாஸ் குடிக்க வேண்டும் என்று கேட்டார்.