வேலை செய்யாதவர் இரண்டு பேர்

“வூட்ல வேலை செய்யறது நான் ஒருத்தன்தாம்மா. இவங்க ரெண்டு பேரும் சும்மா இருக்காங்கன்னு எழுதிக்கோ” என்றார் பூபதி.

சந்தியா டேப்லெட்டிலிருந்து விரலை எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். சும்மா இருப்பதாகச் சொல்லப்பட்ட அவர் மனைவி செல்வம்மாள், வாசலில் குவிந்து கிடந்த வலையிலிருந்து நண்டுகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தாள். விரலெல்லாம் நண்டு கிழித்த தழும்பு.

“இது வேலை இல்லையா அங்கிள்?”

“இது வூட்டு வேலைம்மா.”

“அப்போ இந்த நண்டை யாரு விக்கறது?”

“நான்தான்” என்றாள் செல்வம்மாள். “கூடையத் தூக்கினு பழவேற்காட்டுல வீடு வீடா போவேன். இருவது வருசமா இப்படித்தான் சும்மா இருக்கேன்.”

சந்தியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பூபதியும் அசடு வழியச் சிரித்தார். நல்ல மனிதர்தான். காட்டூரிலிருந்து பஸ் பிடித்து, படகேறி, பசியாவரத்தில் இறங்கி வெயிலில் வந்தவளைப் பார்த்ததும், உள்ளேயிருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கி வந்து துண்டால் துடைத்துப் போட்டவர். தான் மட்டும் தரையில் உட்கார்ந்துகொண்டார்.

சென்னையில் உள்ள ஓர் ஆராய்ச்சி நிறுவனத்துக்காக ஏரியைச் சுற்றியுள்ள ஊர்களில் கணக்கெடுப்பது சந்தியாவின் வேலை. வீட்டில் யார் என்ன படித்திருக்கிறார்கள், யார் வேலைக்குப் போகிறார்கள், இவ்வளவுதான் கணக்கு.

“இதை எடுத்துனு போய் இன்னா பண்ணுவாங்க?”

“நெறைய நாட்டுல பொம்பளைங்க படிக்கப் படிக்க வேலைக்குப் போறது கூடுதாம் அங்கிள். நம்ம பக்கம் பாத்தா, படிக்காத அம்மா ஒழைக்கறாங்க, படிச்ச பொண்ணு வீட்ல இருக்கு. ஏன்னு கேட்டுனு வரச் சொல்லியிருக்காங்க.”

பூபதி உள்பக்கம் திரும்பி, “அம்பிகா, மேடத்துக்கு டீ போடும்மா” என்றார்.

டீக்கு அடுப்பை மூட்டிவிட்டு மகள் வெளியே வந்தாள். எம்.எஸ்சி. கணிதம். அந்தத் தெருவில் காலேஜ் வாசலை மிதித்த முதல் பெண்.

“வேலைக்கு முயற்சி பண்ணீங்களா?” என்று கேட்டாள் சந்தியா.

“எட்டு எடத்துக்குப் போட்டேன் மேடம். ரெண்டு எடத்துல பரீட்சை கூட எழுதினேன். நல்லா எழுதினேன்னுதான் நெனச்சேன். ஒருத்தரும் கூப்புடல.” அம்பிகா தரையைப் பார்த்தாள். “நம்ம மூளை அவ்ளோதான் போலன்னு வுட்டுட்டேன். இப்பல்லாம் எங்கயும் போடறதில்ல.”

தன் வயதுப் பெண் ஒருத்தி தன்னைப் பற்றி இப்படிச் சொல்வதைக் கேட்கச் சந்தியாவுக்கு மனசு கஷ்டமாக இருந்தது. அடுத்த கேள்விக்குப் போனாள்.

“போன் நம்பர்?”

“நைனா நம்பரே போட்டுக்குங்க. எல்லா அப்ளிகேஷனுக்கும் அதான் குடுப்பேன். பொண்ணு நம்பர் வெளிய போவக் கூடாதுன்னு சொல்வாரு.”

டீ கொதிக்கும் வாசனை வர, அவள் உள்ளே போனாள்.

செல்வம்மாள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “ஆறு மாசமா யாராண்டயும் சரியா பேசறதில்லம்மா. இதுக்கா படிச்சேன்னு சொல்லி புஸ்தகத்தையெல்லாம் மூட்டை கட்டி பரண்ல போட்டுட்டுது.”

பூபதி சந்தியாவின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கமில்லாத மனிதர்.

“உன்னைப் பாத்தப்புறம்தாம்மா எனக்குப் புரியுது. இந்த மாதிரி வேலை கௌரவமாத்தான் கீது. உங்க ஆபீசுல எம்பொண்ணுக்கும் ஒரு வேலை கேட்டுப் பாக்கறியா? நாளைக்கே அனுப்பறேன். தெனமும் நானே படகுல கொண்டாந்து அக்கரையில வுடறேன்.”

“கேக்கறேன் அங்கிள். ஆனா இந்தப் பக்கத்துக்கு ஒரே ஆளுதான். எனக்கே இது அதிர்ஷ்டத்துல கெடைச்சது. பரீட்சையில நான் ரெண்டாவது.”

“அப்போ மொதல்ல வந்த ஆளு இன்னா ஆச்சு?” என்று கேட்டாள் செல்வம்மாள்.

அம்பிகா டீ டம்ளர்களோடு வந்து நின்றாள்.

“யாரோ ஒரு பொண்ணுதான். எங்க சார் போன் பண்ணப்ப அவங்க அப்பா எடுத்தாராம். படகுல இருந்தாரு போல, இன்ஜின் சத்தத்துக்கு மேல கத்தினாராம். ‘பொண்டாட்டிதான் கூடையத் தூக்கினு வீடு வீடா அலையறா, பொண்ணும் வீடு வீடா அலையறதுக்கா படிக்க வெச்சேன், இனிமே போன் பண்ணாதே’ன்னு சொல்லி வெச்சுட்டாராம். அவ்ளோ மார்க்கு வாங்கின பொண்ணை வுட்டுட்டோமேன்னு சார் இன்னைக்கும் பொலம்புவாரு.” சந்தியா டம்ளரை வாங்கிக்கொண்டாள். “எனக்கு அந்த அப்பாவை நெனச்சா நன்றி சொல்லத்தான் தோணுது. அவரு வேணான்னதாலதானே நான் இன்னைக்கு வேலையில இருக்கேன்.”

செல்வம்மாளின் கை வலையில் அப்படியே நின்றுவிட்டது. பூபதி குனிந்த தலையை நிமிர்த்தவே இல்லை.

“அந்த போனு எந்த மாசம் வந்துச்சு நைனா?” என்று கேட்டாள் அம்பிகா.