அனுப்புநர்

காலை பத்தேகாலுக்குத் தபால் பையைக் கட்டிவிடுவார்கள்.

மதியம் கப்பல் மெட்ராஸுக்குக் கிளம்புகிறது. அடுத்த கப்பலுக்குப் பதினைந்து நாள். அதற்குள் சாயல்குடியில் கல்யாணம் முடிந்திருக்கும்.

தபாலாபீஸ் கவுண்டர் முன்னால் பன்னீர்செல்வம் பார்சலோடு நின்றார். உள்ளே சிப்பியில் கடைந்த குங்குமச் சிமிழ். வெள்ளைத் துணி சுற்றித் தைத்து, தையல் மேல் அரக்கு வைத்தாகிவிட்டது. துணியில் இன்னும் ஓர் எழுத்துகூட இல்லை.

போர்ட் பிளேரின் அபர்டீன் பஜாரில் அவருடையது சிப்பிக் கடை. மெயின்லேண்ட் வாரப் பத்திரிகைகளில் மூன்று வரி விளம்பரம் கொடுப்பார். கார்டு போட்டுக் கேட்கிறவர்களுக்கு, அவரே கையால் எழுதி சைக்ளோஸ்டைல் எடுத்த விலைப்பட்டியல் போகும். பொருள் வி.பி.பி.யில் போகும். தபால்காரர் கையில் பணம் கொடுத்த பிறகுதான் பார்சல். யாரும் யாரையும் நம்ப வேண்டியதில்லை.

இந்த ஆர்டருக்குப் பணம் முன்னாலேயே மணியார்டரில் வந்துவிட்டது. கூடவே ஒரு கடிதம்.

கவுண்டரில் இருந்த கோவிந்தராஜ் கடலூர்க்காரன். கடிதத்தை வாங்கி இன்னொரு முறை படித்தான்.

'என் மகள் நீலாவதிக்கு ஐப்பசி பதினெட்டில் கல்யாணம். அவள் அப்பா அந்தமானில் இருப்பதாகச் சம்பந்திகளிடம் சொல்லியிருக்கிறோம். அவர்கள் நம்பவில்லை. அனுப்புநர் இடத்தில் உங்கள் கடைப் பெயர் வேண்டாம். சா. குழந்தைவேலு, போர்ட் பிளேர் என்று எழுதுங்கள். இந்திராணி.'

“புருஷன் இங்க இருந்தா அவனே அனுப்பட்டுமே. நடுவுல உங்களுக்கு என்னண்ணே வேலை?”

பன்னீர்செல்வம் பார்சலைக் கவுண்டர் மேல் வைத்தார்.

“போர்ட் பிளேர்ல எனக்குத் தெரியாத தமிழாள் கிடையாது. குழந்தைவேலுன்னு ஒருத்தன் இல்ல. மாப்பிள்ளை வீட்டை ஏமாத்த நம்ம ஆபீஸ் முத்திரையைக் கேக்குது அந்தம்மா. பூரா கட்பட், தில்லுமுல்லு.”

பணத்தை முதலில் அனுப்பிவிட்டு ஏமாற்றுகிறவர்கள் உண்டா என்று பன்னீர்செல்வம் கேட்டார்.

“அதுதாண்ணே டெக்னிக்கே. நாளைக்குக் கேஸ் ஆச்சுன்னா போலீஸ் யார் கடைக்கு வரும்? பணத்தைத் திருப்பிப் போட்டுட்டுப் போய் டீ குடிங்க.”

சரியான யோசனைதான். போன வருஷம் வேறு பெயரில் பார்சல் போட்ட ஒருவரின் கடை லைசென்ஸைப் பறித்தார்கள். விசாரிக்க வந்தால் முதலில் காகிதங்களைத்தான் கேட்பார்கள். ரேஷன் கார்டு, லைசென்ஸ், கடை வாடகைச் சீட்டு, எல்லாம் பன்னீர்செல்வம் பெயரில் இருக்கின்றன.

அந்தப் பெயர் அவருடையது அல்ல.

1955-ல் மெட்ராஸ் துறைமுகத்தில், அந்தமான் காட்டு வேலைக்கு ஆள் எடுத்த மேஸ்திரியின் லிஸ்டில் பன்னீர்செல்வம் என்று ஒருவன் இருந்தான். கப்பலுக்கு வரவில்லை. சங்கு ஊதும்போது மேஸ்திரி கடைசியாக ஒரு தடவை அந்தப் பெயரைக் கூப்பிட்டார். லிஸ்டில் இடம் கிடைக்காமல் மூன்று நாளாக அங்கே நின்றுகொண்டிருந்த குழந்தைவேலு கையைத் தூக்கினார்.

எப்படியும் இடம் கிடைக்கும் என்று நம்பி, கான்ட்ராக்டர் பெயரை முகவரியாகப் போட்டு, அந்தமான் போகிறேன் என்று வீட்டுக்கு முந்தின நாள்தான் ஒரு கார்டு எழுதியிருந்தார்.

காட்டு முகாமுக்குத் தபால் வந்தால் மேஸ்திரி மரத்துண்டின் மேல் ஏறிப் பெயர்களைக் கத்துவார். குழந்தைவேலு என்று நான்கு முறை கத்தினார். நான்கு கப்பல்களில் நான்கு கடிதங்கள். கையைத் தூக்கினால் ஆள்மாறாட்டம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு மற்றவர்களோடு நின்றார். ஊருக்குப் போகும் கடிதங்களும் அதே மேஸ்திரி கை வழியாகத்தான் போயின.

பிறகு அந்தப் பெயரை யாரும் கூப்பிடவில்லை. அவர் காட்டு வேலையை விட்டுப் பஜாருக்கு வந்தபோது, எழுத முகமில்லை.

நீலாவதிக்கு அப்போது பல் முளைத்திருக்கவில்லை.

இந்தப் பதினேழு வருஷத்தில் மெயின்லேண்டிலிருந்து அவர் கைக்கு வந்ததெல்லாம் ஆர்டர்கள். வேண்டும், அனுப்பவும், உடைந்திருந்தது. கடையைச் சாத்திய பிறகு அவற்றையே திரும்ப எடுத்துப் படிப்பார்.

இந்தக் கடிதத்தைப் படித்த அன்று மெஸ்ஸுக்குச் சாப்பிடப் போகவில்லை. அந்தமானில் இந்திராணிக்குக் கிடைத்த ஒரே முகவரி, பத்திரிகையில் வந்த கடை முகவரியாக இருக்கலாம். யாரோ ஒரு கடைக்காரர் என்று நினைத்துத்தான் கேட்டிருக்கலாம்.

கடிதத்தின் பின்பக்கத்தைக் கோவிந்தராஜ் திருப்பிப் பார்க்கவில்லை. அங்கே ஒரு வரி இருந்தது.

'விலைப்பட்டியலை எழுதிய கையே பார்சலின் மேலும் எழுதட்டும்.'

உள்ளே பையை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

அவர் பேனாவை வாங்கிக் குனிந்தார். இந்திராணியின் பெயரையும் தெருவையும் எழுதினார். தெருவைக் கடிதத்தில் பார்க்க வேண்டியிருக்கவில்லை. பிறகு இடது பக்கம், கீழே, குழந்தைவேலு என்று எழுதினார். மை துணியில் ஊறி 'ழ' தடித்துவிட்டது.

கோவிந்தராஜ் தலையை ஆட்டிக்கொண்டே பார்சலை எடை போட்டான். தபால்தலை ஒட்டி, முத்திரை குத்தினான். பையில் போடப் போனவன் நின்றான்.

“அங்க வாங்க மாட்டேன்னுட்டா, அடுத்த கப்பல்ல இந்தப் பேருக்குத்தான் திரும்பி வரும். வந்தா யாருண்ணே கையெழுத்துப் போட்டு வாங்குறது?”