சத்தமில்லாத கேமரா

கேமராக் கடையின் கண்ணாடி மேசைமேல் மூன்று சின்னக் கேமராக்கள். பிரசவ வார்டு நர்ஸ் ஒவ்வொன்றாகச் சீருடைப் பையில் போட்டு, குனிந்து நிமிர்ந்து பார்க்கிறாள். “தினமும் கூடவே இருக்கணும். சத்தம் வரக்கூடாது, ஃப்ளாஷும் அடிக்கக்கூடாது.” கடைக்காரர் சிரிக்கிறார். “யாரை வேவு பார்க்கப் போறீங்க சிஸ்டர்?” அவள் சிரிக்கவில்லை. “உயிரில்லாம பிறக்கிற பிள்ளைங்களைப் படம் எடுத்து அம்மாகிட்ட குடுப்போம் அண்ணா. போன வாரம் போன்ல எடுத்தேன். ஃப்ளாஷ் வெளிச்சத்துல பிள்ளை கண்ணு அசைஞ்ச மாதிரி அம்மாவுக்குத் தெரிஞ்சிருக்கு. அந்தப் பொண்ணு, பிள்ளையைச் சுத்தியிருந்த துணியைப் பிரிச்சுப் பிரிச்சுப் பார்த்தா.” அவள் ஒரு கேமராவை அவர் பக்கம் நகர்த்துகிறாள். “இன்னைக்கும் ஒண்ணு. நாலு மணிக்கு அடக்கத்துக்கு எடுத்துட்டுப் போயிடுவாங்க.” சுவர்க் கடிகாரத்தில் மூன்று பத்து. புதுக் கேமராவின் பேட்டரியில் சார்ஜ் இல்லை. அவர் காட்சிக்கு வைத்திருக்கும் கேமராவின் பேட்டரியைக் கழற்றி இதில் போடுகிறார். ஒலியை நிறுத்துகிறார், ஃப்ளாஷை அணைக்கிறார். இரக்கம் கொண்ட கைகளுக்குக் கடவுள் ஒரு நிதானத்தைத் தருகிறார். பிறகு கடை விளக்கையும் அணைத்துவிட்டு, தன் கையை விரித்து நீட்டுகிறார். “எடுத்துப் பாருங்க.” அவள் அழுத்துகிறாள். சத்தமே இல்லை. “விரல் அஞ்சும் தெளிவாத் தெரியுதா சிஸ்டர்?” என்கிறார் அவர். “எங்க பிள்ளையும் அப்படித்தான் பிறந்துச்சு. என் சம்சாரம் முதல்ல விரலைத்தான் எண்ணினா.”