நாற்பதாவது ராக்கெட்

"முப்பத்தொன்பது பேரு ரத்தம் பட்ட ஊசியில கடைசி ஆளாக் குத்திக்கிட்டவன் நான். நான் பயந்தேனாலே?"

பட்டாசுத் தொழிலாளர் சங்கத் தலைவர் தனுஷ்கோடி வலது கையை உயர்த்திக் காட்டினார். சங்கச் சின்னமான ராக்கெட் அதில் பளபளத்தது. அவர் வீட்டு வாசலில் நின்ற தொண்டர்கள் விசிலடித்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் தொடங்கிக் காலை பதினொரு மணி வரை நாரணாபுரத்தில் சங்க விழா. பச்சை குத்திக்கொள்ள ஒவ்வொருவராகக் கூடாரத்துக்குள் போய், நாற்பது பேரும் கையில் ராக்கெட்டோடு வெளியே வந்தார்கள். ஊசியை ஒரு தடவைகூட மாற்றவில்லை என்று பச்சை குத்தியவரே நேற்று உளறிவிட்டார்.

குத்திக்கொண்டவர்கள் விருதுநகர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கேட்டபோது நர்ஸம்மா பதறிப்போனார். "யாருக்கு என்ன இருக்குன்னு யாரு கண்டா? எச்.ஐ.வி. தொத்தாமத் தடுக்க மாத்திரை இருக்கு. எழுபத்திரெண்டு மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சு இருபத்தெட்டு நாள் சாப்பிடணும். உடனே வந்து டாக்டரைப் பாருங்க."

இன்று புதன், காலை எட்டரை மணி. முப்பத்தொன்பதாவது ஆளான சிவபாண்டி தலைவர் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றான். பக்கத்தில் ஐந்து மாத வயிற்றோடு அவன் மனைவி பாண்டிலட்சுமி.

"அண்ணாச்சி, இன்னும் ரெண்டரை மணி நேரந்தான் இருக்கு. ஒரு எட்டு போயிட்டு வந்துருதேன்."

"ஏலே, சங்கத்து ஆளுக அந்த மாத்திரைக்கு வரிசையில நின்னா ஊரு என்னலே பேசும்? தேர்தல்ல எவன் ஓட்டுப் போடுவான்? நானே சும்மா இருக்கேன், உனக்கென்ன?"

சிவபாண்டி தன் கையைப் பார்த்தான். ராக்கெட்டைச் சுற்றி வீங்கிப் பொருக்குத் தட்டியிருந்தது. தலைவர் கையிலோ ஒரு கீறல்கூட இல்லை. இரும்பு உடம்பு என்று தொண்டர்கள் புல்லரித்துப்போனார்கள். தன் பயத்தை நினைத்து அவனுக்கே வெட்கமாகிவிட்டது.

தெருமுனையில் விருதுநகர் பஸ் ஹாரன் அடித்தது.

"வாங்க, உங்க காலைப் பிடிக்கேன்," என்று பாண்டிலட்சுமி அவன் சட்டையைப் பற்றி இழுத்தாள்.

"அண்ணாச்சிக்கு இல்லாத உசுரா எனக்கு?" என்றான் அவன். பஸ் போய்விட்டது.

தலைவருக்குக் கண்கள் பனித்தன. அவன் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு, அடுத்த ஊர்த் தொண்டர்களுக்கும் தைரியம் சொல்ல ஜீப்பில் ஏறினார்.

அவர் மனைவி வீரலட்சுமி ஈரத்துணியும் பளபளப்பான ஒரு தாளுமாக உள்ளேயிருந்து ஓடிவந்தார்.

"என்னங்க, நில்லுங்க! ராக்கெட்டு ஓரத்துல உரியுது, புதுசு ஒண்ணு ஒட்டிட்டுப் போங்க!"